கெருங்கில் நான் குறைத்த ஒரு நாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியின் அண்ணன் மகன் கார்த்தி கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். சிதம்பரத்தில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த யாத்திரை நிறுவனத்தில் இப்போது அவன்தான் டூர் மேனேஜர். கொரோனாவுக்குப் பிறகு வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கயிலாயப் பாதை மறுபடி திறந்திருக்கிறது. அது மூடிக் கிடந்த காலத்திலேயே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிய பயணத் திட்டத்தை என்னிடம் காட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை, மரியாதைக்காகத்தான் வந்தான்.

"மாமா, கெருங்குல ரெண்டு நாள் சைட் சீயிங்னு போட்டிருக்கீங்க இல்ல, அத ஒரு நாளாக்கிடலாம்னு பாக்கறேன். அங்க பாக்கறதுக்கு என்னா இருக்கு? ஒரு மேடு, ஒரு புத்தர் கோயிலு. ஜனங்க நம்மளத் திட்றாங்க. மத்தவுங்க எல்லாம் ஒரு நாள் முன்னாடியே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடறாங்க."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு லேசாகப் போடப்பட்டிருந்தது. "எடுக்காத. காரணம் அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வாயால் சொல்ல முடியாது என்று அப்போதே தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் இல்லை. யாருக்காக என்பது கடைசியில் தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். காசி, ராமேசுவரம் பேருந்துகளில் சாப்பாட்டுப் பாத்திரங்களை எண்ணி ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் இந்தி வந்தது. ஐந்து வருடத்தில், யார் வீட்டுப் பாட்டி எந்த ஊர் சத்திரத்தில் எதை மறந்து வைப்பார் என்பதுவரை அத்துப்படி ஆனது. பிறகு மலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் தேவசகாயம் சார் இருந்தார்.

கடலூர் முதுநகர்க்காரர். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருபது வருடம், அதில் பாதி லடாக்கில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வருடத்துக்கு மூன்று முறை சைவர்களைக் கயிலாயத்துக்குக் கூட்டிப்போனார். யாராவது அதைக் கிண்டல் செய்தால், "சாமி அவுங்களுது, நுரையீரல் என்னுது" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தால் நம் பெயரை இரண்டு தரம் சொல்வார், அவ்வளவுதான். "குமாரு, குமாரு" என்றால் நான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எங்கள் மாவட்டத்தில் ஏறுவதற்கு மேடு கிடையாது. கடல், வயல், வாய்க்கால், முடிந்தது. உயரம் என்றால் ரயில்வே மேம்பாலம். அதனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே யாத்ரீகர்களைச் சேர்த்து, விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடக்கவிடுவார் சார். சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகர் போகிற மேம்பாலம். பத்துத் தரம் ஏறி இறங்க வேண்டும். இதெல்லாம் காலுக்குப் பயிற்சி. மூச்சுக்குப் பயிற்சி ஊரில் கிடையாது என்று அவரே சொல்லிவிடுவார். மூச்சு, உயரத்தில் போய் உட்கார்ந்து, உடம்பு தானாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். அதற்கு நாள்தான் வேண்டும்.

அந்த நாளைக் கொடுக்கத்தான் ஜனங்களுக்கு மனசு வராது. கடன் போல லீவு வாங்கிக்கொண்டு வந்தவர்கள், வாழ்நாளில் ஒரு தரம் என்று வந்தவர்கள். எல்லை தாண்டியதும் ஓர் ஊரில் இரண்டு நாள் சும்மா இரு என்றால் இருப்பார்களா? சண்டைக்கு வருவார்கள். சார் ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டத்தில் 'ஓய்வு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்று போட்டார். முதல் நாள் ஆற்றோரம், சந்தை. இரண்டாம் நாள் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் ஒரு பௌத்த மடம். ஏறி, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி வந்து கீழே தூங்க வேண்டும். மேலே ஏறு, கீழே தூங்கு. அவ்வளவுதான் மொத்த வைத்தியமும். படம் எடுத்துக்கொண்டு, மணியை ஆட்டிவிட்டு வந்தவர்களுக்குத் தாங்கள் சிகிச்சையில் இருப்பதே தெரியாது. நேபாள நில நடுக்கத்துக்குப் பிறகு பாதை மாறி, திபெத்தில் கெருங் என்ற ஊர் வழியாகப் போக ஆரம்பித்தபோதும் அந்த இரண்டு நாள் மாறவில்லை.

மடத்துக்கு ஏறும்போது எல்லாரையும் பாடச் சொல்வார். தேவாரமோ, பஜனையோ, எதுவோ. அவர் கடைசி ஆளாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். "பாடிக்கிட்டே ஏறுங்க. பாட்டு நின்னா நீங்களும் நில்லுங்க" என்பதுதான் கட்டளை. யாருக்குப் பாட்டு முதலில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். இரண்டு வளைவுக்குள் நின்றுவிட்டவருக்கு இன்னொரு நாள் அதே ஊரில். அதில் பேரம் கிடையாது.

இன்னொன்று, வெந்நீர். காலை ஆறு மணிக்கு ஒரு பெரிய கெட்டிலும் எவர்சில்வர் டம்ளர்களுமாக அறை அறையாகப் போவார். இதை வேலைக்காரர்களிடம் விடமாட்டார். முதல் பயணத்தில் நான், "சார், நீங்க எதுக்கு, நான் ஊத்தறேன்" என்று கெட்டிலை வாங்கப் போனேன்.

"குமாரு, தலவலி இருக்கான்னு கேட்டா எவனாவது இருக்குன்னு சொல்வானா?"

"சொல்ல மாட்டாங்க சார். கீழ அனுப்பிடுவோம்னு பயம்."

"அப்ப கேக்காத. டம்ளர நீட்டு. வாங்குற கையப் பாரு, நகத்தப் பாரு. குடிக்கிறப்ப உதட்டப் பாரு. டம்ளரத் திருப்பிக் குடுக்கறப்ப தடுமாறுதான்னு பாரு. வெந்நீரு சும்மா சாக்கு."

நகமும் உதடும் நீலம் பாய்ந்திருந்தால் ரத்தத்தில் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதை அவர் ஒரு நொடியில் பார்த்துவிடுவார். "நல்லா தூங்கினீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போவார். வெளியே வந்து என்னிடம், "பதினாலாம் நம்பர் இன்னிக்கு ஏற வேணாம்" என்பார். அவர் காலத்தில் எங்கள் குழுவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவரைச் சபித்ததுதான் மிச்சம்.

அவர் ஓய்வு பெற்றார். பொறுப்பு என்னிடம் வந்தது. கூடவே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் வந்தது. துணி உலர்த்தும் கிளிப் அளவு இருக்கும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் இருக்கும் காற்றை எண்ணாகச் சொல்லிவிடும். எனக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. வெந்நீர் டம்ளரை நேபாளிச் சமையல்காரர்களிடம் விட்டுவிட்டேன். நான் மெஷினும் நோட்டுப் புத்தகமுமாகப் போக ஆரம்பித்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. கல்யாணமான புதிதில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் கை நிறைய, விரல் நுனிவரை, கடையில் வாங்கிய கறுப்பு மருதாணி போட்டிருந்தாள். கெருங்கில் மெஷின் மிகக் குறைவான எண்ணைக் காட்டியது. நான் பயந்துபோய் அவளை அங்கேயே நிறுத்திவிட்டு மற்றவர்களோடு மேலே போய்விட்டேன். அன்று மாலை உள்ளூர் மருத்துவ உதவியாளர் ஒருவர், அவள் காலுறையைக் கழற்றச் சொல்லிக் கால் விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தது. கறுப்புச் சாயம் மெஷினைக் குழப்பிவிட்டது. ஊர் திரும்பியதும் அவள் மாமனார் அலுவலகத்தில் வந்து என்னை நார் நாராகக் கிழித்தார். முதலாளி முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். அந்த அவமானம் அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கால் விரல் மறந்துபோய்விட்டது.

அதற்கு அடுத்த வருடம் குமராட்சிக் குழு வந்தது.

இருபத்திரண்டு பேர். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் சபாபதி ஏற்பாடு செய்த குழு. பாதிக்கு மேல் பெண்கள், நெல் போடுகிற குடும்பங்கள். அதில் தனலட்சுமி என்று ஓர் அம்மா. ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்தபோதே இரண்டு பேரும் கயிலாயம் போவதாகப் பேசி வைத்திருந்தார்களாம். நாத்தனார் ராஜேஸ்வரி, அதாவது புருஷனின் அக்கா, "அவன் இல்லன்னா என்னா, நான் கூட்டிட்டுப் போறேன் வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். ராஜேஸ்வரி அக்கா வாய் ஓயாமல் பேசுவார். தனலட்சுமி அம்மா பேச மாட்டார், சிரிப்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் மருதாணி அரைத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறந்த வீட்டுக்குப் போற மாதிரி இல்ல போறோம், வெறுங்கையோடவா போறது என்று பேச்சு. தனலட்சுமி அம்மா மாட்டேன் என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். ராஜேஸ்வரி அக்காதான் இழுத்து உட்காரவைத்து, தன் வீட்டுக் கொல்லையில் இருந்த செடியில் பறித்த இலையை அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போல வைத்துவிட்டிருக்கிறார். எல்லாரையும்விட தனலட்சுமி அம்மா கைதான் கறுத்துச் சிவந்திருந்தது. ரயிலில் ஏறியதிலிருந்து அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்தபடியே இருந்தார். யாராவது பார்த்தால் கூச்சம். ஆனால் யாரும் பார்க்காதபோது அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டதை நான் இரண்டு தரம் கண்டேன்.

காத்மாண்டு ஓட்டலில், பெண்கள் கைகளைப் பார்த்துவிட்டு, முந்தின வருடக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மருதாணி வைத்தால் மெஷின் பொய் சொல்லும் என்று நானேதான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எல்லையில் எங்கள் அனுமதிச் சீட்டு ஒரு நாள் தாமதமாக வந்தது. கெருங் போய்ச் சேர்ந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் சபாபதி எழுந்து நின்றார்.

"பௌர்ணமிக்கு மானசரோவர்ல இருக்கணும்னுதான இந்த தேதி பாத்து வந்தோம். ஒரு நாள் போயிடுச்சி. இங்க ஊர் சுத்தறதுல ஒரு நாளக் கொறச்சிட்டா சரியாப் போயிடும்ல?"

"அது ஊர் சுத்தறது இல்லீங்க, ஒடம்பு பழகறதுக்கு."

"எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க? யாருக்காவது முடியலயா? சொல்லுங்கம்மா."

இருபத்திரண்டு முகங்களும் என்னையே பார்த்தன. முந்தின வருடம் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து திட்டத் தாளை எடுத்து, 'ஊர் சுற்றிப் பார்த்தல், இரண்டாம் நாள்' என்ற வரியைப் பேனாவால் அடித்தேன். கை தட்டினார்கள். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானேதான் அடித்தேன்.

இருந்த ஒரே நாளில் மடத்துக்கு ஏறினோம். வழக்கம்போலப் பாடச் சொன்னேன். இரண்டாவது வளைவிலேயே தனலட்சுமி அம்மாவின் குரல் நின்றது. நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, முடியலயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு இந்தப் பாட்டு பாடம் இல்ல."

நான் சரி என்று தலையாட்டினேன். சாராக இருந்திருந்தால் தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் சாகா. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஒரே தாவலில் அந்த உயரம். அதற்கு அடுத்த நாள் காலை மெஷினோடு அறை அறையாகப் போனேன். எண்பத்தாறு, எண்பத்து மூன்று, எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன். தனலட்சுமி அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். மெஷின் அறுபத்து நான்கு என்று காட்டியது. இன்னொரு விரலில் மாட்டினேன். அறுபத்தைந்து.

ராஜேஸ்வரி அக்கா சிரித்தார். "மருதாணி வெச்சா அந்த மிஷினு பொய் சொல்லும்னு நீங்கதான தம்பி சொன்னீங்க? பாருங்க, அவளுக்கு எப்படிப் புடிச்சிருக்குன்னு!"

நானும் சிரித்தேன். நோட்டில் அறுபத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மருதாணி' என்று எழுதினேன். அந்தக் குழுவில் இன்னும் பதினோரு பெண்கள் கையில் மருதாணி இருந்தது. அவர்களுக்கெல்லாம் எண்பதுக்கு மேல் காட்டிய அதே மெஷின்தான் அது. அந்த எண்களும் அதே பக்கத்தில், அதே கையெழுத்தில் இருக்கின்றன. எனக்கு உறைக்கவில்லை.

கால் விரல் நினைவுக்கு வரவே இல்லையா என்று என்னை நானே பல வருடம் கேட்டிருக்கிறேன். ஒரு கணம் வந்தது. குளிரில் இரண்டு ஜோடி காலுறை போட்டிருந்தார். புருஷன் இல்லாத ஒரு பெண்பிள்ளையிடம், ஆம்பளை நான், காலைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். சிவந்த நகத்தில் நீலம் தெரியாது. உதட்டைப் பார்த்திருக்கலாம். அவர் குடிக்கிறபோது பார்க்க என் கையில் டம்ளர் இல்லை.

அன்று மாலை மானசரோவர் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பௌர்ணமி. விடிந்ததும் ராஜேஸ்வரி அக்கா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"தம்பி, தனம் ஒரு மாதிரி பேசறா. வந்து பாருங்க."

தனலட்சுமி அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் வந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைத் தெரியவில்லை.

"கொள்ளிடத்துல தண்ணி தொறந்துட்டாங்களா? வரப்பு ஒடஞ்சிடும். யாராவது போய்ப் பாருங்களேன்."

ஆக்சிஜன் உருளையைத் திறந்து முகமூடியை வைத்தேன். நேபாளி வழிகாட்டி காற்றுப் பையை விரித்தான். ஆளை உள்ளே படுக்கவைத்துப் பம்பால் காற்றடித்துத் தாழ்வான இடம் போலச் செய்யும் பை அது. ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிக் காலால் மிதித்தோம். கொஞ்சம் தெளிந்தது போல இருந்தது. இதற்கு ஒரே மருந்து கீழே இறக்குவது. வண்டியில் தூக்கி வைத்தோம். அப்போது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஏரிக்கு அப்பால் கயிலாயம் முழுசாகத் தெரிந்தது. ராஜேஸ்வரி அக்கா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.

"தனம், பாரு. தோ பாரு, வந்துட்டோம் பாரு."

கண் திறந்திருந்தது. பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுத்தான் போனார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அந்தப் பீடபூமியில் இறங்குவதற்கு இறக்கமே கிடையாது. மணிக்கணக்காக ஓட்டினாலும் அதே உயரம், அதே மொட்டை வெளி. இறக்கம் இருந்த கடைசி ஊர் கெருங். ஒருவரைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டாம் நாள். சாகாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, நடுப்பகலில், ராஜேஸ்வரி அக்காவின் மடியில் தனலட்சுமி அம்மா இறந்துபோனார்.

காகிதங்கள் எல்லாம் முடிந்து, எல்லை கடந்து, காத்மாண்டு, சென்னை வழியாக உடலைக் குமராட்சிக்குக் கொண்டுவரப் பல நாள் ஆனது. கைத் தோலில் மருதாணி மங்கிவிட்டிருந்தது. நகத்தில் மட்டும் சிவப்பு அப்படியே இருந்தது. வாசலில் கிடத்தியதும், வந்திருந்த பெண்கள் முதலில் பார்த்தது அதைத்தான். ஒரு வயதான அம்மா சத்தமாகவே கேட்டார்.

"தாலி எறக்குனவ கையில மருதாணிய யாருடி வெச்சது? சாமி ஒத்துக்குமா இத?"

கூட்டம் ராஜேஸ்வரி அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை அழுதுகொண்டிருந்தவர் அப்படியே அடங்கிவிட்டார். தனலட்சுமி அம்மாவின் மகன் தன் அத்தையை ஒரு பார்வை பார்த்தான். நிறுவனத்தின் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றேன். என் தோள் பையில் நோட்டு இருந்தது. காரணம் மருதாணி இல்லை, சாமி இல்லை, நான் ஒரு நாளைக் குறைத்ததும் அறுபத்து நான்கு என்ற எண்ணைப் பார்த்துச் சிரித்ததும்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். மாலையைப் போட்டேன். கும்பிட்டேன். வந்துவிட்டேன்.

அந்த வாரமே கடலூர் போய் தேவசகாயம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"டம்ளர நீட்டினியா?"

"இல்ல சார். நீட்டியிருந்தாலும் மருதாணில நகம் தெரிஞ்சிருக்காது."

"ஒதடு இருக்குல்ல. டம்ளரு வாய்க்குத்தான போவும்." பிறகு, "அந்த வீட்ல சொன்னியா?" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "குமாரு, குமாரு" என்றார். அதற்கு மறு வருடம் அவர் போய்விட்டார்.

பிறகு இரண்டு பயணங்கள் நடத்தினேன். இரண்டு நாளும் குறையவில்லை. கெட்டிலை நானே தூக்கினேன். ராஜேஸ்வரி அக்கா கொல்லையில் இருந்த மருதாணிச் செடியை வேரோடு வெட்டிப் போட்டுவிட்டதாகவும், தம்பி மகன் வீட்டுக்கும் அவருக்கும் போக்குவரத்து நின்றுபோனதாகவும் சபாபதி ஒருமுறை சொன்னார். கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் சும்மா இருந்தேன்.

கார்த்தி அந்தத் தாளைக் காட்டிவிட்டுப் போன மறுநாள், பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு குமராட்சிக்கு மினி பஸ் ஏறினேன். அக்கா மெலிந்துபோயிருந்தார். அடையாளம் தெரிந்ததும், "வாங்க தம்பி" என்றார். பழைய பேச்சு இல்லை. உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உங்கள் கையிலும் மருதாணிதான், உங்களுக்கு எண்பத்து நான்கு. தனம் அம்மாவுக்கு அறுபத்து நான்கு. அதைப் பார்த்த அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த நாளைக் குறைத்திருக்கவே கூடாது என்று சொன்னேன்.

அவர் நோட்டை வாங்கி, அடைப்புக்குறிக்குள் இருந்த 'மருதாணி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"ராத்திரியெல்லாம் இருமினா. அண்ணி, சொல்லிடாதீங்க, இவ்ளோ தூரம் வந்துட்டேன்னு கையப் புடிச்சிக்கிட்டா. நானும் சொல்லல. அது என் தப்பு, நான் சொமக்கறேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ பேத்தி கல்யாணத்துக்கு என்னக் கூப்புடல தெரியுமா? நலுங்குக்கு என் கை படக்கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு வாசல்ல நின்னீங்களே தம்பி. அன்னிக்குச் சொல்லியிருந்தா?"

"பயந்துட்டேன் அக்கா."

"அப்ப, அவ கை செவந்தது தப்பில்ல?"

"தப்பில்ல அக்கா."

அவர் அழுதார். நானும் அழுதேன். சமாதானமாகிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கிட்ட தனியா வந்து சொன்னா ஆச்சா? என் மேல ஊரே பழி சொல்லிச்சி. நீங்களும் ஊருக்கே சொல்லுங்க. மொதல்ல அவ புள்ளகிட்ட போங்க."

அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னான். போனேன். மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவன் தன் அத்தை வீட்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன்.

மிச்சம் இருப்பது ஊர். குமராட்சியில் அன்று வாசலில் நின்ற எல்லாருக்கும், இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். தனலட்சுமி அம்மாவின் கையில் மருதாணி வைத்தது தவறில்லை. வைத்தவர் மேலும் தவறில்லை. கெருங்கில் ஒரு நாளைக் குறைத்தவனும், சாகாவில் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தவனும், வாசலில் மாலையோடு வாய் மூடி நின்றவனும் நான்தான்.